'பராமரிப்பு' என்பது விடையாகுமா?

இணையம் நின்றால் நமக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் 'பராமரிப்புப் பணி' என்பதே. இது போதுமா?

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நிலையத்திலிருந்து அனுப்பிய ஒளித்துடிப்பு, அறுந்த முனையில் பட்டு 100 மைக்ரோவினாடியில் திரும்பினால், 10 கிலோமீட்டர் தொலைவில் இழை அறுந்துள்ளது என்று பொருள். ஆகவே, பழுதின் இடத்தை அறிவது கடினமன்று. ஆள் சென்று இழையை ஒட்டுவதில்தான் தாமதம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபோது, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. மண்டபத்தூர் போன்ற கடலோர ஊர்களில் இணைய இழையையும் மின்கம்பத்திலேயே கட்டினால், ஒரே காற்றில் இரண்டும் போகும்.

வேகத்தை விளம்பரப்படுத்தும் நிறுவனங்கள், பழுது எங்கே, எப்போது சீராகும் என்பதையும் சொல்லவேண்டும். கட்டணம் செலுத்துவோர் அதைக் கேட்பதில் தவறில்லை.