மயிற்பொறியும் துணிச்சிறகும்: சிந்தாமணியின் பறத்தல் பகுதியை வாசிக்கும் முறை

சீவக சிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறி, பறக்கும் ஊர்தியைப் பற்றித் தமிழ் இலக்கியம் தரும் விரிவான சித்திரிப்புகளுள் ஒன்று. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சியால் ஆட்சியையும் உயிரையும் இழக்கும் தறுவாயில், கருவுற்றிருந்த அரசி விசயையை இந்தப் பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அவள் இறங்கிய சுடுகாட்டில் சீவகன் பிறக்கிறான். திருத்தக்கதேவரின் காப்பியம் முழுவதும் இந்தப் பறத்தலிலிருந்தே தொடங்குகிறது.

1887ல் உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்த பிறகு இந்தப் பகுதி பரவலாக அறியப்பட்டது. இன்று இது பெரும்பாலும் இரண்டு வகையில் பேசப்படுகிறது. பழந்தமிழர் விமானம் செய்தார்கள் என்பதற்குச் சான்றாக மேடைகளில் காட்டப்படுவது ஒன்று. காப்பியக் கற்பனை என்று ஒரு வரியில் கடந்து செல்லப்படுவது இன்னொன்று. முதல் வாசிப்பு பாடலில் இல்லாததைச் சேர்க்கிறது. இரண்டாவது வாசிப்பு பாடலில் உள்ளதைக் காணத் தவறுகிறது. இரண்டுமே கவிஞர் சொல்லும் செய்முறை விவரங்களைப் பொருட்படுத்துவதில்லை. அந்த விவரங்களின் மதிப்பை அறிய ஜெட் விமானத்தோடு ஒப்பிடுவது உதவாது. துணியாலும் குழாயாலும் ஆன இன்றைய எளிய ஊர்தியான டிரைக்கோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

டிரைக்

டிரைக் என்பது மைக்ரோலைட் அல்லது அல்ட்ராலைட் வகையைச் சேர்ந்த ஊர்தி. மூன்று சக்கரங்கள், ஒன்று அல்லது இரண்டு இருக்கைகள், பின்புறம் எஞ்சினும் சுழல்விசிறியும் கொண்ட ஒரு வண்டி, மேலே உள்ள முக்கோணத் துணிச்சிறகிலிருந்து ஒரே புள்ளியில் தொங்குகிறது. இருவர் செல்லும் மைக்ரோலைட்டுக்குப் பல நாடுகள் நெடுங்காலம் வைத்திருந்த மொத்த எடை வரம்பு 450 கிலோ.

இந்தச் சிறகின் மூதாதை ஒரு பட்டம். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948ல் விறைப்பான சட்டமே இல்லாத துணிப் பட்டம் ஒன்றை உருவாக்கினர். சமையலறைத் திரைச்சீலையை வெட்டி அதைத் தைத்தவர் கெர்ட்ரூட். 1963ல் ஆஸ்திரேலியாவின் கிராப்டன் நகரில் ஜான் டிக்கன்சன், அந்த வகைச் சிறகின் கீழே ஒரு முக்கோணச் சட்டத்தைப் பொருத்தி, தொங்கும் மனிதன் தன் உடல் எடையை நகர்த்தியே திசை மாற்ற முடியும் என்று காட்டினார். பின்னாளில் அதில் எஞ்சின் வண்டி தொங்கவிடப்பட்டது. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரக் கடற்கரையில் சர்வதேசப் பட்டத் திருவிழா நடந்தபோது வானில் நின்றவை இந்தச் சிறகின் நெருங்கிய உறவினர்களே.

பொருள்கள்

மயிற்பொறியைச் செய்யப் பயன்பட்டவை எவை என்று திருத்தக்கதேவர் பட்டியலிடுகிறார். துணித் துண்டுகள், பிசின், நூல், அரக்கு, மெழுகு ஆகியவற்றோடு வேறு சில பொருள்களையும் சேர்த்து, கைவினைஞன் ஏழு நாளில் மயிலைச் செய்து முடிக்கிறான். வானுலகத் தேரைப் பாடும் கவிஞன் பொன்னையும் மணியையும் அடுக்குவதே மரபு. அதே மாமல்லபுரத்தின் பெருந்தவச் சிற்பத் தொகுதியில் பறக்கும் தேவகணங்களுக்குச் சிறகே இல்லை. மடித்த கால்களே பறத்தலைக் காட்டிவிடுகின்றன. தேவர் பறக்கச் சிறகு வேண்டியதில்லை. மனிதர் பறக்கத் துணியும் நூலும் வேண்டும் என்று சிந்தாமணி நினைக்கிறது. பட்டம் செய்பவர் கையில் இருக்கும் பொருள்கள் இவை.

டிரைக்கின் சிறகும் அடிப்படையில் தையல் வேலைதான். அலுமினியக் குழாய்ச் சட்டத்தின்மேல் பாலியஸ்டர் பாய்த்துணி இழுத்துக் கட்டப்படுகிறது. துணியில் தைத்த உறைகளுக்குள் வளைந்த கம்பிகள் செருகப்பட்டுச் சிறகுக்கு வடிவம் தருகின்றன. வண்டியைத் தாங்குவது துணியின் வலு மட்டுமல்ல, அதன் வடிவமும்கூட. வளைகம்பி ஒன்று நிமிர்ந்துவிட்டால் ஊர்தி ஒரு பக்கமாகவே திரும்ப முனையும். ஆகவே கம்பிகளை அவ்வப்போது உருவி, தயாரிப்பாளர் தந்த வரைபடத் தாளின்மேல் வைத்து வளைவு சரியா என்று பார்க்கிறார்கள்.

கற்றுக்கொடுத்தல்

இந்தப் பகுதியின் சிறந்த இடம், அதிகம் பேசப்படாத இடமும்கூட. பொறி தயாரானதும் சச்சந்தன் அதை மறைத்து வைத்துவிட்டு ஆபத்துக்குக் காத்திருக்கவில்லை. மாடங்களையும் சோலைகளையும் ஒட்டிச் சில நாள்கள் விசயைக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கிறான். உயரம் சிறிது சிறிதாகக் கூட்டப்படுகிறது. பாட்டில் சுருதி படிப்படியாக ஏறுவதைக் கவிஞர் இதற்கு உவமையாக்குகிறார். பொறியை வலப்புறம் திருகினால் மயில் எழும்பும், இடப்புறம் திருகினால் கால் குவித்து இறங்கும் என்பதை அவள் கைப்பழக்கமாக்கிக்கொள்கிறாள்.

ஊர்தி இருந்தால் மட்டும் போதாது, அமைதியான நாளில் தாழ்வாகப் பழகிய கை வேண்டும் என்பதை இந்தக் காட்சி அறிந்திருக்கிறது. டிரைக்கில் இந்த உண்மை இன்னும் கடுமையானது. மற்ற விமானங்களில் பிடியைத் தன்பக்கம் இழுத்தால் மூக்கு மேலெழும். டிரைக்கில் கம்பியைத் தன்பக்கம் இழுத்தால் எடை முன்னே சென்று மூக்கு தாழும், வேகம் கூடும். கம்பியை இடப்புறம் தள்ளினால் ஊர்தி வலப்புறம் திரும்பும். வழக்கமான விமானம் ஓட்டிப் பழகியவரின் கை, நெருக்கடியில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடும். ஓட்டத் தெரிந்தவருக்கும் டிரைக்கில் தனிப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான். ‘பறக்கும் மோட்டார் சைக்கிள்’ என்று செய்திகளில் வரும் உவமை இந்த இடத்தில்தான் தவறாக வழிகாட்டுகிறது. மோட்டார் சைக்கிளில் அச்சம் வந்தால் வேகத்தைக் குறைப்பார்கள். டிரைக்கில் அளவுக்கு மீறி வேகம் குறைந்தால் சிறகு தூக்கும் திறனை இழக்கிறது. மூக்கைச் செங்குத்தாக உயர்த்தி வேகத்தை இழந்த சிறகு, முன்புறமாகக் குப்புறக் கவிழவும் கூடும். அதிலிருந்து மீள்வது ஏறத்தாழ இயலாது. பல கையேடுகள் பக்கச் சாய்வுக்கு 60 பாகையும் மூக்கின் ஏற்ற இறக்கத்துக்கு 45 பாகையும் எல்லையாக வைப்பதற்குக் காரணம் இது. எடையை நகர்த்திப் பறப்பதன் முன்னோடியான ஓட்டோ லிலியன்தால், 1896 ஆகஸ்ட் 9 அன்று இவ்வாறு வேகம் இழந்த சிறகிலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். அதற்கு முன் ஏறக்குறைய இரண்டாயிரம் முறை பறந்தவர் அவர்.

மயக்கமும் இறக்கமும்

கட்டியங்காரனின் வெற்றி முரசைக் கேட்டு விசயை மயங்குகிறாள். இயக்கும் கை தளர, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. காப்பிய நோக்கில் இது வலிமையான திருப்பம். அரசகுமாரன் பிணங்கள் எரியும் இடத்தில் பிறப்பது சமணக் காப்பியத்துக்குரிய நிலையாமைக் காட்சி. இதை எந்திரவியல் அற்புதமாகப் புகழ்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பொறி அவளைக் காப்பாற்றியது, ஆனால் அவள் விரும்பிய இடத்தில் இறக்கவில்லை. இறங்கும் இடத்தைத் தேர்வது ஓட்டுபவரின் வேலை. அந்த வேலை நின்றதும் இடத்தை விதி தேர்கிறது.

நன்கு சமன் செய்த டிரைக் சிறகும் சிறிது நேரம் கைவிட்டாலும் தன் வேகத்தில் சீராகப் பறக்கும். தரை நெருங்கும்போது அந்தச் சமநிலை எதையும் தீர்மானிக்காது. எஞ்சின் நின்றால் ஊர்தி சறுக்கி இறங்கக்கூடிய தொலைவுக்குள் ஒரு வெற்று நிலம் எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி.

பாடல் சொல்லாதவை

இரண்டு விஷயங்களில் சிந்தாமணி மௌனம் காக்கிறது. ஒன்று காற்று, மற்றொன்று பராமரிப்பு. காப்பியத்துக்குத் தப்பிச் செல்லும் பயணம் ஒன்றே போதும். அதே சிறகை ஆண்டுக்கணக்கில் பறக்கவைக்க வேண்டியவருக்கு இந்த இரண்டுமே உயிர்ப் பிரச்சினை.

ஊரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலான நிலத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். கோடையில் காலையில் அமைதியாகவோ மேற்கிலிருந்தோ இருக்கும் காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்கரையில் திசை மாறுகிறது. கடற்காற்று உள்நாட்டுக்கு நகர்ந்து ஊரப்பாக்கத்தை அடையச் சிறிது நேரம் ஆகும். இரு காற்றுகளும் மோதும் எல்லையில் சில நொடிகளில் வேகமும் திசையும் மாறும். கரையோரச் சவுக்குத் தோப்புகளின் மறைவில் காற்று சுழலும். ஆகவே துணிச்சிறகுக்கு உரிய நேரம் விடியலை அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம்தான். இதற்கு மேல் சட்ட எல்லைகள் உள்ளன. வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளமும் சென்னை விமான நிலையமும், தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையமும் இருக்கும் வானம் இது. பதிவு, உரிமம், வான்வெளி அனுமதி ஆகியன இன்றி இங்கே எழும்புவது குற்றம் மட்டுமல்ல, பிற விமானங்களுக்கும் ஆபத்து.

பராமரிப்பில் முதல் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் துணியின் இழையையும் தையல் நூலையும் கண்ணுக்குத் தெரியாமல் நலிவிக்கிறது. நிறம் மங்காத துணியும் வலுவிழந்திருக்கலாம். ஆகவே ஊசியைத் துணியில் செருகி, விசை அளவியால் குறிப்பிட்ட அளவுக்கு இழுத்துச் சோதிக்கிறார்கள். தையலுக்கும் அதே சோதனை உண்டு. பறக்காத நேரமெல்லாம் சிறகு உறையில் இருக்க வேண்டும். இரண்டாவது எதிரி உப்பு. கடலோரம் பறந்த சிறகை நல்ல நீரால் கழுவி, முழுதும் உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் துணியில் பூஞ்சை படரும், குழாய் இணைப்புகளில் அரிப்பு தொடங்கும். கம்பிவடங்களின் முனையில் அழுத்திப் பொருத்திய உலோகக் குழல்களுக்குள் அரிப்பு ஒளிந்திருக்கும். ஒரு இழை அறுந்த வடமும் மடங்கி முறுகிய வடமும் மாற்றப்பட வேண்டியவை, சரிசெய்யத் தக்கவை அல்ல. வண்டி முழுவதையும் தாங்கும் தொங்கு புள்ளியின் போல்ட், நட்டு, பாதுகாப்பு ஊசி, துணை வடம் ஆகியன ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பார்க்கப்படுகின்றன. மழையில் நனைந்த சிறகு வழக்கத்தைவிடக் கூடிய வேகத்திலேயே தூக்கும் திறனை இழக்கும் என்பதால், பனியீரத்தையும் துடைத்த பிறகே எழும்புகிறார்கள்.

எஞ்சின் பழுதானால் ஓசை மாறும். சிறகு நலிந்தால் ஓசை எதுவும் எழாது. பார்வையிடும் பழக்கம் ஒன்றே எச்சரிக்கை.

மதிப்பீடு

மயிற்பொறிப் பகுதி பழந்தமிழர் பறந்ததற்குச் சான்றாகாது. திருகினால் எழும், மறுபுறம் திருகினால் இறங்கும் என்பதைத் தவிர, எது அதைத் தூக்கியது என்று பாடல் சொல்லவில்லை. காற்றும் எடையும் அதில் கணக்கில் வரவில்லை. அதே வேளை, அதை வெறும் அலங்காரம் என்று தள்ளுவதும் நியாயமல்ல. மந்திரத்தை நம்பாமல் துணியையும் நூலையும் நம்பிய கற்பனை அது. பறப்பவர் பழக வேண்டும், தாழ்வாகத் தொடங்க வேண்டும் என்று உணர்ந்த கற்பனை. கை தளர்ந்தால் இறங்கும் இடம் கையில் இராது என்பதையும் அது காட்டிவிட்டது. சான்றாகக் காட்டும் அவசரத்தில் இழக்கப்படுவது இந்தக் கவனம்தான். சோலையோரத்தில் விசயை பழகிய அந்தச் சில நாள்களைப் படிக்காமல் ஏழு நாளில் செய்த அற்புதத்தை மட்டும் மேற்கோள் காட்டும் மாணவர், பாடலின் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறார்.