புதையலும் வரலாறும்: கண்டி மண்ணின் உலோகச் சான்றுகள் குறித்துச் சில சிந்தனைகள்

கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிய வாய்மொழிக் கதைகளுள் புதையற் கதைகளுக்குத் தனியிடம் உண்டு. ஆட்சி கவிழும் வேளையில் மன்னனோ பிரதானிகளோ மண்ணுக்குள் மறைத்த பொன்னே இவற்றின் மையப் பொருளாகும். இன்று மந்திரவாதியின் இடத்தை உலோகங்காட்டும் கருவி பிடித்துள்ளது. அக்கருவியுடன் அகழ்ந்தோர் கைதான செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். இதனைத் தனிமனிதரின் பேராசை என்று மட்டும் கூறி அமைதல் போதாது. வரலாறு என்பது அரசர் விட்டுச் சென்ற செல்வமே என்னும் கருத்து இதன் அடியில் உறைந்து கிடக்கிறது. அக்கருத்தே இங்கு ஆய்வுக்குரியது.

கருவியின் இயல்பை முதலில் நோக்குவோம். கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. புதைந்துள்ள உலோகத்தில் அது சிறு மின்னோட்டங்களைத் தூண்ட, அவற்றின் எதிர்வினையைக் கருவி ஒலியாக அறிவிக்கிறது. மன்னனின் பொன்னையும் கூலியின் தகரத்தையும் உலோகம் என்ற வகையிலேயே அது அறியும். கலப்பையின் மரமும் ஏட்டுச் சுவடியும் மட்பாண்டமும் அதற்கு அகப்படமாட்டா. ஆகவே கருவி கண்டெடுப்பது மண்ணிலுள்ள சான்றின் ஒரு கூறு மாத்திரமே. அதனையும் படைமுறை அறியாது தோண்டி எடுக்கும்போது, எப்பொருளோடு எவ்வாழ்வில் அது பயன்பட்டது என்ற செய்தி அழிந்துபடுகிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உரிமம் இன்றி அகழ்வதைத் தடுத்ததும், கண்டெடுக்கப்படாத பழம்பொருள் அரசுக்கே உரியது என வகுத்ததும் இக்காரணத்தால் நியாயமானவை.

எனினும் அச்சட்டம் திருத்தங்களோடு பெற்ற வடிவில் பழம்பொருளை வரையறுத்தபோது கொண்ட கால எல்லை 1815 மார்ச் 2 ஆகும். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. முடியாட்சியின் முடிவே தொன்மையின் முடிவாகக் கொள்ளப்பட்டது. பெருந்தோட்ட முதலாளித்துவம் இம்மலைகளில் வேரூன்றியதோ அந்நாளுக்குப் பின்னராகும். உழைப்பாளரின் வரலாறு தொடங்குமிடத்தில் பழம்பொருளின் வரையறை முடிந்துவிடுகிறது.

கன்னொறுவையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையில் உள்ள இவ்விடத்திலேயே 1638 மார்ச் 28இல் இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்தது. அதே கன்னொறுவையில் 1820களில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் கோப்பித் தோட்டம் அமைத்தார். கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்டின் தோட்டமும் அக்காலத்ததே. போர்க்களமும் தோட்டமும் ஒரே மண்ணின் இரு படைகள். முன்னையது பாடநூலில் இடம்பெற்றுவிட்டது. பின்னையதில் உழைத்தோர் இன்னும் பெயரற்றோராகவே உள்ளனர்.

அவ்வுழைப்போரின் உலோகச் சான்றுகள் இல்லாமற் போகவில்லை. கோப்பி நிறுவனங்கள் தம் பெயர் பொறித்து, வேலைக்கு ஈடாக வழங்கிய வில்லைகள் உள்ளன. 1901இல் நடைமுறைக்கு வந்த தகர வில்லை முறையின்கீழ், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் தாம் சேரவேண்டிய தோட்டத்தைச் சுட்டும் குறியும் எண்ணும் பொறித்த தகட்டை உடலில் அணிந்து வந்தனர். பொருள் அனுப்பும் முகவரி மனிதர் கழுத்தில் தொங்கியது. இத்தகையவற்றை நாணயவியல் உலோகம், எடை, விட்டம், பொறிப்பு என வகைப்படுத்துகிறது. கொட்றிங்டனின் 1924ஆம் ஆண்டு நூல் இலங்கை நாணய ஆய்வுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பட்டியல் முறை வெளியிட்டவனின் பெயரைப் பேணும். பெற்றுக்கொண்டவனின் உழைப்பைக் கூறாது. தொழிலாளியைக் கடனாற் பிணித்த ‘துண்டு’ காகிதமாதலால் எந்தக் கருவிக்கும் அகப்படாது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பொருள் மௌனமாகும் இடத்தில் பாடல் பேசுகிறது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1987இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ இவ்வகையில் முதன்மையான ஆவணமாகும். 1950களில் ஆங்கிலத்தில் வெளியான அவரது நெடுங்கவிதை, தேயிலைக்கு அடியில் நினைவுச் சின்னமின்றிப் புதைந்தோரைப் பற்றியது. புதையல் என்ற சொல்லுக்கு அக்கவிதை தரும் பொருள், கருவியேந்தியோர் அறியாத பொருளாகும். ஆனால் நம் விமர்சகர்கள், முற்போக்காளர் உட்பட, இப்பாடல்களைச் சோகத்தின் வெளிப்பாடு என்று பாராட்டுவதோடு பெரும்பாலும் நின்றுவிட்டனர். கங்காணி, கடன், வழிநடை ஆகியன பாடலில் உணர்ச்சிப் பொருள்களாக மட்டும் வருவன அல்ல. அவை உற்பத்தி உறவின் கூறுகள். தகர வில்லையின் எண்ணையும் பாடலில் வரும் தோட்டத்தின் பெயரையும் பேரேட்டின் கணக்கையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்போதே அவ்வுறவு முழுமையாகப் புலப்படும். தனித்து நின்றால் வில்லை சேகரிப்போரின் பண்டமாகும். பாடலும் மேடை அலங்காரமாகும்.

2023ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. 1765இல் ஒல்லாந்தக் கம்பனிப் படை கண்டியிற் கவர்ந்த, லெவ்கே திசாவையின் பெயரோடு தொடர்புடைய பீரங்கி உட்பட ஆறு பொருள்கள் ஆம்ஸ்டர்டாமின் றைக்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து அவ்வாண்டு டிசம்பரிற் கொழும்பு திரும்பின. அம்மீட்பு காலனித்துவக் கொள்ளைக்கு எதிரான வெற்றி; வரவேற்கத்தக்கது. சில மாதங்களுக்கு முன்னர், மலையக மக்களின் இருநூறாண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. நடந்தோர் கேட்டவற்றுள் காணியுரிமையும் ஒன்று. பீரங்கிக்கு உரியவர் யார் என்பது ஆவண ஆய்வால் நிறுவப்பட்டது. லயத்து மண்ணுக்கு உரியவர் யார் என்ற வினாவுக்கோ அத்தகைய ஆய்வுகூட இன்னும் முறையாகத் தொடங்கவில்லை.

பல்கலைக்கழகத் தமிழாய்வு இப்பணியை ஏற்றல் வேண்டும். தோட்டந்தோறும் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள வில்லைகளையும் சீட்டுகளையும், அவற்றை வைத்திருப்போரின் வாய்மொழியோடு சேர்த்துப் பதிவு செய்தல் அதன் முதற்படியாகும். இதற்கு மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. சான்று இன்னும் மக்களின் பெட்டிகளிலும் முதியோரின் நாவிலும் உள்ளது; அம்முதியோர் மறையுமுன் செய்ய வேண்டிய பணி இது.