தல்மூதில் மூன்று நோய்ப்படுக்கைகள்

நோயினை இறைவன் அன்பினால் அளித்த துன்பமெனக் கொண்டு ஏற்றல் வேண்டும் என்பது யூத ஞானியர் சிலரது கொள்கை. கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற பாபிலோனியத் தல்மூதின் முதற்பகுதியாகிய பெரக்கோத்து, இக்கொள்கையை விரித்துரைத்தபின், மூன்று சிறு கதைகளைக் கூறுகின்றது. கதைகள் கொள்கைக்கு அரண் செய்வனபோலத் தோன்றும். நுணுகி நோக்கின், அவை அதனை மறுப்பனவேயாம்.

ரபி கியா நோயுற்றபோது, 3ஆம் நூற்றாண்டினரான ரபி யோகனான் அவரிடஞ் சென்று, இத்துன்பம் உவப்பானதோ என வினவுகின்றார். நோயாளி துன்பத்தையும் அதன் பயனையும் ஒருங்கே மறுக்கின்றார். யோகனான் அவரைக் கடிந்தாரல்லர், கைகொடுத்து எழுப்புகின்றார். பின்னர் யோகனானே நோயுற, ரபி கனினா வந்து அவ்வாறே எழுப்புகின்றார். பிறரை எழுப்பியவர் தம்மை எழுப்பமாட்டாமைக்கு, தன்னைத்தான் விடுவிக்கவியலாத சிறையாளன் உவமையாகின்றான்.

மூன்றாங் கதை மிக நுட்பமானது. ரபி எலாசார் இருட்டறையிற் கிடந்து அழுகின்றார். கல்விக் குறையோ, வறுமையோ, மக்கட்பேறின்மையோ எனக் காரணங்களை ஊகித்து யோகனான் தேற்றுகின்றார். பதின்மர் மைந்தரை இழந்த அவரது தேற்றுரையும் ஈண்டுப் பயன்படவில்லை. யோகனானது பேரழகும் ஒருநாள் மண்ணில் மாய்வதை எண்ணியே எலாசார் அழுகின்றார் என்பதறிந்து, இருவரும் உடனழுகின்றனர். அதன்பின்னரே வினாவும் கையும் வருகின்றன.

தொகுத்தோர் கொள்கையை நீக்கினாரல்லர். கதைகளை அதனருகே வைத்தனர். அதுவே அந்நூலின் நேர்மை. துன்பத்தின் பெருமையைத் தன்னளவிற் பேசலாம். பிறன் படுக்கையருகிற் பேசுதல் கொடுமை. ஆண்டு வேண்டப்படுவது விளக்கமன்று, கையே.