தாந்தேயின் நரகத்தில் ஒரு முள்மரம்

நரகம் என்றதும் நமக்கு எண்ணெய்க் கொப்பரையும் நெருப்பும்தான் நினைவுக்கு வரும். இத்தாலியக் கவி தாந்தேயின் நரகத்திலும் நெருப்பு உண்டு. ஆனால் ஒன்பது வட்டங்களில் கடைசி வட்டத்துக்கு இறங்கிப் போனால், அங்கே கிடப்பது உறைந்த ஏரி. நம்பியவரைக் காட்டிக்கொடுத்தவர்களின் இடம் அது. இரக்கம் உறைந்துபோனவர்களைப் பனியில் புதைத்த அந்த ஒரு தீர்மானத்துக்காகவே அவனைப் பெருங்கவி என்பேன்.

பிறந்த ஊரான ஃபுளோரன்ஸ் 1302இல் அவனைத் துரத்தியது. 1321இல் ராவென்னாவில் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. அந்த அலைச்சலில் எழுதிய 'டிவைன் காமெடி'யின் முதல் பகுதிதான் 'இன்ஃபெர்னோ'. குற்றத்துக்கேற்ற தண்டனை என்பது அவனுக்கு முன்பே இருந்த பழைய நியதி. தாந்தே அதை ஒரு படி மேலே கொண்டுபோனான். பாவி பூமியில் எதைச் செய்தானோ, அதன் வேஷத்தைக் கலைத்து, அதற்குள்ளேயே அவனை என்றென்றைக்கும் இருத்திவிட்டான்.

பதின்மூன்றாம் படலத்தைப் பாருங்கள். பச்சை இலையோ பழமோ இல்லாத முள்காடு. எங்கிருந்தோ அழுகுரல், ஆளைக் காணோம். காவியத்தில் தாந்தேயே நரகத்தின் வழியே நடந்துபோகிறான்; வழிகாட்டியாக வரும் வர்ஜில் சொல்ல, ஒரு சிறு கிளையை ஒடிக்கிறான். ஒடித்த இடத்திலிருந்து ரத்தமும் பேச்சும் சேர்ந்து கசிகின்றன. பச்சை விறகின் ஒரு நுனியில் தீ வைத்தால் மறுநுனியில் நீர் சொட்டிச் சீறுமே, அதைத்தான் அவன் உவமையாக எடுத்துக்கொள்கிறான். அடுப்படியில் எவரும் பார்த்திருக்கக்கூடிய ஒன்று. அதனால்தான் உடம்பு கூசுகிறது.

பேசும் மரம் பியர் தெல்லா வின்யா. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அமைச்சர், கவிஞர், சொல்வன்மைக்குப் பேர்போனவர். துரோகப் பழி விழுந்து, கண்களைப் பறிகொடுத்து, உயிரை மாய்த்துக்கொண்டவர். உடம்பே வேண்டாம் என்று உதறிய உயிர்கள் இங்கே விதைபோல் விழுந்து, விழுந்த இடத்தில் முளைக்கின்றன. பெண்முகப் பறவைகள் இலையைக் கொத்தும்போது வலியும் வருகிறது, அந்த வலி வெளியேற ஒரு வழியும் பிறக்கிறது. சொல்லால் அரசவையை ஆண்டவருக்குக் காயம் பட்டால்தான் வாய் திறக்கும்! இறுதித் தீர்ப்பு நாளில் மற்றவர்கள் தங்கள் உடலை மீண்டும் உடுத்திக்கொள்வார்கள். இவர்களோ தங்கள் உடலை இழுத்துவந்து, அவரவர் முள்மரத்திலேயே தொங்கவிட வேண்டும். இத்தனை கடுமையான கற்பனையிலும், அந்த மனிதர் எசமானருக்கு உண்மையாகவே இருந்தார் என்று அவர் வாயாலேயே சொல்ல இடம் தருகிறான் பாருங்கள், அங்கேதான் நீதிபதியைக் கவிஞன் மிஞ்சுகிறான்.

நரகத்தின் இன்னோரிடத்தில், வருங்காலம் சொன்னவர்களின் தலை முதுகுப்பக்கம் திருகியிருக்கிறது; பின்னோக்கித்தான் நடக்க முடியும், கண்ணீர் முதுகு வழியே இறங்குகிறது. திருடர்களும் பாம்புகளும் ஒருவர் உருவத்தை ஒருவர் பறித்துக்கொள்கிறார்கள். பிறர் பொருளைத் தனதென்றவனுக்குத் தன் உடம்பும் சொந்தமில்லை. எல்லாமே இந்த உயரத்தில் இல்லை. முகஸ்துதிக்காரர்களை மலத்தில் அமிழ்த்தியது வெறும் வசைதான். அதில் எனக்கு ருசி இல்லை.

மறுபடி அந்த ஏரிக்கு வருவோம். அல்பெரிகோ என்ற துறவி, உறவினர்களை விருந்துக்கு அழைத்துக் கொன்றவன். பழம் கொண்டுவரச் சொன்னதுதான் கொலையாட்களுக்கு அடையாளம். இப்போது மல்லாந்து பனியில் கிடக்கிறான். முதலில் வந்த கண்ணீரே கண்குழியில் உறைந்து மூடிவிட்டதால் அழக்கூட வழியில்லை. கண்ணில் உள்ள பனியை அகற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான். யாரென்று சொன்னால் உதவுவதாகத் தாந்தே வாக்களிக்கிறான், பெயரையும் கதையையும் கேட்டுக்கொள்கிறான், பிறகு கையை நீட்டாமலே நகர்கிறான். துரோகிகளின் ஏரியில் கவிஞனே வாக்குத் தவறுகிறான். அது நியாயம் என்கிறவர்கள் உண்டு. அந்தக் குளிர் தன்னையும் தொட்டதாக அவனே எழுதிவைத்திருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று அங்கே இருக்கிறது. கதை நடக்கும் 1300இல் அல்பெரிகோ இன்னும் சாகவில்லை. துரோகம் செய்த அந்தக் கணத்திலேயே உயிர் நரகத்தில் விழுந்துவிட்டது. பூமியில் அவன் உடம்பில் உண்டு, உறங்கி, உடுத்தித் திரிவது ஒரு பேய்.