கயிறு இல்லாத ஏலேலோ

2021 ஜனவரியில், ஊரடங்கில் உலகம் பாதி வீட்டுக்குள் கிடந்தபோது, நேதன் எவன்ஸ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர் பாடிய ‘வெல்லர்மேன்’ பரவியது. இந்தியாவில் டிக்டாக்கை 2020 ஜூனிலேயே தடைசெய்துவிட்டதால் எனக்கு அது வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஒரு ஆள், ஒரு குரல், கைமுட்டியால் தட்டும் தாளம். அடுத்த காணொளியில் அதன்மேல் ஒரு கட்டைக்குரல், அதற்கடுத்ததில் இன்னொருவர். கேட்கக் கேட்க ஒரு கேள்வி உறுத்தியது: நம்மிடம் இருக்கும் ‘ஏலேலோ ஐலசா’ ஏன் இப்படி யாரையும் கூடப் பாடக் கூப்பிடுவதில்லை?

கறாராகப் பார்த்தால் வெல்லர்மேன் ‘ஷாண்டி’யே கிடையாது. அது நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைக்காரர்களின் கதைப்பாடல். ஷாண்டி என்பது பாய்மரக் கப்பலின் வேலைப்பாட்டு. பாய் ஏற்றும் கயிற்றுக்கு ஒரு வகை, நங்கூரம் தூக்கும் உருளையைச் சுற்ற இன்னொரு வகை. ஒருவன் வரி எடுப்பான். மற்றவர்கள் பதில் வரியில், குறிப்பிட்ட அசையில், ஒன்றாக இழுப்பார்கள். என் தொழிலில் இதை ‘சிங்க்’ என்போம்.

நம் கரைவலையிலும் இதே கணக்குதான். வலையின் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். மீன் சேரும் மடி நடுவில் வரும். ஒருவர் எடுக்க மற்றவர்கள் ஏற்கும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஈழத்துக் கரையிலும் அம்பாதான். இதில் பாதிப் பாட்டு எடுப்பவரிடம் இல்லை, இழுப்பவர்களிடம் இருக்கிறது.

அந்தப் பாதியைத்தான் சினிமா கழற்றிவிட்டது. 1964இல் வந்த ‘படகோட்டி’யை எடுத்துக்கொள்வோம். வாலியின் வரிகள், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, டி.எம்.எஸ். குரல். மீனவர் துயரத்தை ஊரெல்லாம் கொண்டுபோன பாடல்கள், எனக்கும் பிடித்தவைதான். ஆனால் அவை மீனவரைப் பற்றிய பாடல்கள். வேலை செய்யும் பாடல்கள் அல்ல. நாயகன் பாடுவான், கேட்பவர் உருகினால் போதும். பிறகு வந்த எத்தனையோ பாட்டில் ஏலேலோ வெறும் முத்திரை: கடலைக் காட்டியாச்சா, ஒரு ஐலசா போடு. யாரும் எதையும் இழுக்கவில்லை என்பது தாளத்திலேயே தெரியும். மூச்சு வாங்க இடம் இருக்காது.

டிக்டாக்கின் டூயட் வசதியோ அடுத்தவருக்கான இடத்தைக் காலியாக விட்டது. அதனால் ஷாண்டி அல்லாத பாட்டு ஷாண்டி போல நடந்துகொண்டது.

‘எஞ்சின் வந்துச்சு, பாட்டு போச்சு, அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். சரிதான். 1929இல் கார்த்பூல் என்ற பாய்மரக் கப்பல் உடைந்தபோது அதில் ஷாண்டி எடுத்துக்கொண்டிருந்தவர் ஸ்டான் ஹுகில். அவருடைய பெருந்தொகுப்பு வந்தது 1961இல். அதற்குள் அந்த வேலையே இல்லாமல் போயிருந்தது. முல்லைத்தீவில் டிராக்டரில் பூட்டிய வின்ச்சும் கரைவலை இழுத்திருக்கிறது.

என் ஊர் அதிராம்பட்டினம். சேற்றுக்கரை, உப்பளம், அலையாத்திக் காடு. எஞ்சின் சத்தத்தில் வளர்ந்தவன் நான். ஏலேலோவை வேலையில் கேட்டது ஒரே முறைதான், 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு. ஒரு பைபர் படகு சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. ஜேசிபி இறங்கினால் அதுவும் புதையும். கயிறு கட்டி இருபது பேர் நின்றோம். ஒரு பெரியவர் எடுத்தார். நாங்கள் ஐலசா என்று கத்தினோம்; படகு அசையவில்லை. “கத்துறதுக்கு இல்ல தம்பி, இழுக்குறதுக்கு” என்றார். மூன்றாவது தடவைதான் சேர்ந்து வந்தது. ஒரு சாண் நகர்ந்தது. நடுவில் அவர் போட்ட வரிகளில் புயல் இருந்தது, இன்னும் வந்து சேராத அதிகாரிகள் இருந்தார்கள், இங்கே எழுத முடியாத சில வார்த்தைகளும் இருந்தன. ஹுகிலும் அச்சுக்காக வார்த்தைகளைக் கழுவ வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டு அப்படியே திரும்பி வரணும் என்று நான் ஆசைப்பட்டால், அந்தச் சேறும் வரணும் என்று ஆகிவிடும். அது எனக்கு வேண்டாம். ஆனால் யாராவது ஏலேலோவை மறுபடி கையில் எடுத்தால் இரண்டு விஷயம் கேட்பேன். பதில் சொல்ல இடம் விடுங்கள். புது வரி போட விடுங்கள். மெருகேற்றிய தனிக்குரல் நம்மிடம் அறுபது வருஷமாக இருக்கிறது.