பொம்மைப் படையில் எந்த யானை?

மேசையைப் போர்க்களமாக்கி, சிறு உருவங்களை நகர்த்தி, பண்டைக் காலப் போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டு மேனாடுகளில் பலரைக் கவர்ந்துள்ளது. சதுரங்கத்தில் யானைக் காய் யானையைப் போலவே இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை; விதி தெரிந்தால் போதும். ஆனால் இந்தப் பொம்மைகளோ, இன்ன நாட்டு, இன்ன காலத்துப் படை என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகின்றன. அப்பெயர் பொருந்துகிறதா என்று கேட்பது நம் கடமை.

விளையாடுவோர் பலர் விரும்பும் படைகளுள் ஒன்று கார்த்தேஜ் படை. இன்றைய துனீசியாவின் கடற்கரையில் இருந்த அந்நகரின் தளபதி ஹானிபல், கி.மு. 218-இல் 37 யானைகளுடன் ரோன் ஆற்றைக் கடந்து ஆல்ப்ஸ் மலையில் ஏறினார். கார்த்தேஜ் படைப் பெட்டிகள் சிலவற்றைத் திறந்தால் வெளிவருவது நம்மூர் யானை! சிறிய காது, மேல்நோக்கி வளைந்த முதுகு, அதன்மேல் கோட்டை போன்ற மரக்கூண்டு. பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் சான்று வேறு விதமாகப் பேசுகிறது.

ஹானிபலின் குடும்பத்தார் ஸ்பெயினில் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் யானை உருவம் உண்டு. அதன் காது பெரிது. முதுகு சேணம்போல் நடுவில் குழிந்தது. சில காசுகளில் பாகன் மட்டும் அமர்ந்திருக்கிறான்; கூண்டு இல்லை. இவை ஆப்பிரிக்க யானையின் அடையாளங்கள். ஹானிபலிடம் ஓரிரு ஆசிய யானைகளும் இருந்திருக்கலாம் என்போர் உண்டு. அதற்காகப் படை முழுவதையும் ஆசிய யானைகளால் நிரப்புவது பொருந்தாது.

அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 1:72 என்ற அளவில் 165 செ.மீ. உயரமுள்ள வீரன் 23 மி.மீ. ஆவான். வட ஆப்பிரிக்க யானையின் தோள் உயரம் ஏறத்தாழ 2.5 மீட்டர் என மதிப்பிடுகின்றனர்; பொம்மையில் இது 35 மி.மீ. மட்டுமே. இன்றைய ஆப்பிரிக்கப் புல்வெளி ஆண் யானையை மாதிரியாகக் கொண்டால் 44 மி.மீ. ஆகிவிடும். ஆகவே பெரிய பொம்மையே சிறந்த பொம்மை என்று எண்ணிவிடாதீர்கள். இன்னொன்றும் உண்டு. வட ஆப்பிரிக்க யானை ரோமானியர் காலத்திலேயே அற்றுப்போன விலங்கு. அதை நேரில் கண்டு பிழை திருத்த வழியில்லை. பொம்மையும் பொய் சொன்னால், அதை நம்பும் சிறுவனுக்கு அவ்விலங்கு மறுமுறையும் அழிந்ததாகும்.

சோழர் படை அமைக்க வேண்டுமானால்?

திருத்தணிக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் இங்கே உதவும். 31 ஏடுகள் கொண்ட இத்தொகுதி, பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைக் கூறுகிறது. கங்கைப் படையெடுப்பைப் பாடும் அதன் வடமொழிப் பகுதி, யானைக் கூட்டங்களே பாலமாக நிற்க, படை ஆறுகளைக் கடந்தது என்கிறது. இதில் புலவரின் புகழ்ச்சி கலந்திருக்கும். ஆயினும், யானை மோதுவதற்கு மட்டுமே படையில் இருந்ததாகப் புலவர் எண்ணவில்லை என்பது தெளிவு. எல்லா யானைகளையும் துதிக்கையைத் தூக்கிப் பிளிறும் நிலையிலேயே வாங்குவோர் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஆனையாட்கள், குதிரைச் சேவகர், வில்லிகள், வேளைக்காரர் எனப் படைப் பிரிவுகளைக் கூறுகின்றன. என்னென்ன உருவங்கள் வேண்டும் என்பதற்கு இதுவே நல்ல பட்டியல். ஆனால் பெயர் தெரிந்தால் உடை தெரிந்துவிடாது, அதற்குக் கோயில் சிற்பங்களைத்தான் நாடவேண்டும், திரைப்படத்தை அல்ல.

கொலுவில் வைக்கும் கொண்டப்பள்ளி அம்பாரி யானையைப் படையில் சேர்க்கலாமா? மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய அழகிய கைவேலை அது; ஆனால் அரசன் பவனி வரும் காட்சி, போர்க்களக் காட்சி அல்ல. சாஞ்சிச் சிற்பங்களின் போர்க் காட்சியில் வீரர்கள் யானையின் முதுகிலேயே நேராக அமர்ந்துள்ளனர். சாஞ்சி சோழருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்பது உண்மையே. ஆயினும், அம்பாரி இல்லாமல் போர் யானை இல்லை என்ற எண்ணத்தை அது தகர்க்கிறது.

திருவாலங்காட்டிற்கு அண்மையிலுள்ள தக்கோலத்தில் 949-இல் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமீது இருந்தபடியே உயிர் துறந்தான். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்ற பெயர் அவனுக்கு அதனால் வந்தது. உயரத்தில் அமர்ந்த தலைவன் தன் படைக்குத் தெளிவாகத் தெரிவான். பகைவனின் அம்புக்கும் அவ்வாறே தெரிவான். பாகனும் தலைவனும் மட்டும் அமர்ந்த எளிய யானைப் பொம்மை ஒன்று இந்த ஆபத்தை உணர்த்திவிடும். பொற்கூண்டு வைத்த பொம்மை அதை மறைத்துவிடும்.

ஆகவே, பொம்மையை வாங்கும் முன்னும் செய்யும் முன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த இன விலங்கு? எந்த அளவு? எந்தச் சான்று? மூன்றுக்கும் விடை தரும் களிமண் யானை, விடை தராத விலையுயர்ந்த யானையைவிட மேலானது. அளவுகோலும் களிமண்ணும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.