ஹர்ரான் கல்வெட்டும் யத்ரிபும்: ஒரு மதிப்பீடு

துருக்கியின் தென்கிழக்கிலுள்ள ஹர்ரான் நகரின் ஜாமிஆ பள்ளிவாசல், உமய்யா மரபின் கடைசிக் கலீஃபா இரண்டாம் மர்வானின் காலத்தில் எழுந்தது. அதன் இடிபாடுகளை 1956இல் ஆய்ந்த டி. எஸ். ரைஸ், வாயில்களில் படிக்கற்களாகப் பதிக்கப்பட்டிருந்த மூன்று கற்பலகைகளைக் கண்டெடுத்தார். எழுத்தும் உருவமும் செதுக்கப்பட்ட முகம் மண்ணை நோக்கிக் கிடந்தது. தொழ வந்தோரின் பாதங்கள் பட்டதெல்லாம் அவற்றின் பின்புறத்தில்தான். அவற்றுள் இரண்டு, புதிய பாபிலோனியப் பேரரசின் கடைசி மன்னனான நபோனிடஸின் (கி.மு. 556–539) கல்வெட்டுகள். மற்றொன்று அவன் தாய் அதத்குப்பியினுடையது. சி. ஜே. கட் அவற்றைப் படித்து 1958இல் வெளியிட்டார்.

இக்கல்வெட்டு நம் ஏடுகளிலும் மேடைகளிலும் அவ்வப்போது எடுத்தாளப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. பாபில் நகரை நீங்கிப் பத்தாண்டுகள் அரபுப் பாலையில் தங்கியதாகக் கூறும் மன்னன், தான் சென்ற ஊர்களையும் அதில் பெயர் சுட்டுகிறான்: தேமா, ததானு, பதக்கு, ஹிப்ரா, யதிஹு, யத்ரிபு. சீறா படித்தவர்களுக்கு இப்பட்டியல் புதிதன்று. தய்மா, இன்றைய அல்உலா அருகிலுள்ள ததான், ஃபதக், கைபர் ஆகியவற்றைத் தொடர்ந்து, இறுதியில் யத்ரிப் வருகிறது. அண்ணலார் (ஸல்) ஹிஜ்ரத் செய்து சென்ற மதீனாவின் பழம்பெயர் அது. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் நாம் ஓதும் அப்பெயர், ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ 1150 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறியிருக்கிறது.

இச்செய்தி அச்சிடப்பட்ட துண்டறிக்கை ஒன்றை மாணவர் ஒருவர் என்னிடம் கொண்டு வந்து, “ஹஜ்ரத், இதை ஜும்ஆ பயானில் சொல்லலாமா?” என்று கேட்டார். குர்ஆனின் உண்மைக்குப் பாபில் மன்னனே சாட்சி என்பது அதன் தலைப்பு. அக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடையளிக்க இயலவில்லை. சாட்சி என்று ஒருவனை அழைத்தால், சாட்சிக்குரிய விசாரணையையும் நடத்தியாக வேண்டும். அக்கலையை உலகுக்குக் கற்றுத்தந்த சமுதாயம் கல்வெட்டைக் கண்டதும் அதனை மறந்துவிடலாகாது.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். அக்கதிய மொழியில் ஃபா இல்லை. எனவே ஃபதக் ‘பதக்கு’ ஆயிற்று. ஸா எனும் எழுத்தொலியும் அதில் இல்லை; எனவே அவ்விடத்தில் தா நின்றது. ஈற்றிலுள்ள உகரம் அரபியின் ரஃப்உ போன்றதொரு வேற்றுமை ஈறே. ஒலிவிதி பொருந்துகிறது, ஊர்கள் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து அமைந்திருப்பதும் பொருந்துகிறது. இந்த அடையாளப்படுத்தலில் ஐயுறுவதற்கு இடமில்லை.

அடுத்து அறிவிப்பாளன். ஒருவன் தனக்கு எதிராகச் சொல்வது இக்ரார். தனக்குச் சாதகமாகச் சொல்வது தஃவா. முன்னது தானே ஆதாரமாகும். பின்னதற்குப் பய்யினா வேண்டும் என்பது ஃபிக்ஹு மாணவர் யாவரும் அறிந்தது. பத்தாண்டுகள் தலைநகரில் இல்லை என்று ஓர் அரசன் ஒப்புக்கொள்வது இக்ரார். பாபில் மக்கள் சின் எனும் சந்திரத் தெய்வத்துக்குக் குற்றமிழைத்தனர், அதன் விருப்பப்படியே நான் விலகியிருந்தேன் என்பதோ தஃவா. வெறுப்புக்குள்ளான மன்னன் தன் செயலை நியாயப்படுத்தும் குரல் அது. அதைக் கொண்டு அம்மக்களைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பது முறையன்று.

எதிர்த்தரப்புச் சாட்சியமும் இதே விசாரணைக்கு உரியதே. 1879இல் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் பாபிலில் கண்டெடுத்த சைரஸ் உருளை, நபோனிடஸ் மர்தூக் தெய்வத்தின் வழிபாட்டைக் கெடுத்தான் என்றும், ஆதலால் மர்தூக்கே சைரஸைத் தேர்ந்தெடுத்தது என்றும் பேசுகிறது. வென்றவன், தோற்றவனைப் பற்றி எழுதியது அது. அதனை உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்று 1971இல் ஈரானிய அரசு கொண்டாடி, அதன் படியொன்றை ஐ.நா. அவைக்கும் வழங்கியது. ஆனால் வெற்றி பெற்ற பாபிலோனிய மன்னர்களின் வழக்கமான சொல்லாட்சியே அதில் இருப்பது. மனித உரிமை என்ற கருத்தே அதில் இல்லை. பிறர் செய்த இம்மிகையைக் கண்டு நகைக்கும் நாம், நம் மிகையை மட்டும் ஆய்வு என்று அழைக்கிறோம்.

தாயின் கல்வெட்டில் மத்னிலேயே குறை தென்படுகிறது. தான் 104 ஆண்டுகள் வாழ்ந்ததாக அதத்குப்பி தன் வாயாலேயே கூறுவதாக அமைந்தது அது. இறுதிப் பகுதியோ அவளது இறப்பையும் அடக்கத்தையும் சொல்கிறது. அவள் பெயரால் பிறர் எழுதியது அது என்பது இதனால் தெளிவு. கல்லில் இருக்கிறது என்பதாலேயே ஒரு செய்தி பிழையற்றதாகிவிடாது.

எனினும் மன்னனின் அரபுப் பயணத்துக்குத் தனித்தனி வழிகளில் ஷவாஹித் கிடைக்கின்றன. பாபிலோனிய ஆண்டுக்குறிப்பேடு, மன்னன் தேமாவில் இருந்தான், புத்தாண்டு விழா நடைபெறவில்லை என்று பல ஆண்டுகளுக்கு உணர்ச்சியின்றிப் பதிவுசெய்கிறது. தய்மா வட்டாரப் பாறைகளில், பாபில் மன்னனின் பணியாளன் என்று தன்னைக் கூறிக்கொள்ளும் ஒருவனது எழுத்து, உள்ளூர் வரிவடிவிலேயே காணப்படுகிறது. 2004இல் தொடங்கிய சவூதி–ஜெர்மன் அகழாய்வில் தய்மாவிலேயே நபோனிடஸின் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. பண்டைய ஃபதக் எனக் கருதப்படும் அல்ஹாயித்தில், அம்மன்னனின் உருவத்துடன் 26 வரிகள் கொண்ட ஆப்பெழுத்துக் கல்வெட்டு கிடைத்திருப்பதாக 2021இல் சவூதி அரசு அறிவித்தது. அரசவை எழுத்தரும் ஆண்டுக்குறிப்பாளரும் பாறையில் கீறிய பணியாளனும் ஒன்றுகூடிப் பொய் புனைந்தனர் என்று கருத இயலாது.

ஆதாரம் இங்கே முடிகிறது. ஊகம் இதன் பின்னரே தொடங்குகிறது. இவ்வூர்களில் ஐந்தில் நபிகளாரின் (ஸல்) காலத்தில் யூதர்கள் வாழ்ந்ததைக் கண்ட கட், நபோனிடஸின் படையோடு வந்தவர்களே அவர்களின் முன்னோராகலாம் என்றார். அறிஞர் ஒருவரின் யோசனை என்ற அளவில் அது மதிக்கத்தக்கது. ஆனால் கல்வெட்டு குறிப்பிடுவது அக்காது மக்களையும் ஹத்தி நாட்டு மக்களையும் மட்டுமே. யூதர் என்ற சொல் அதில் இல்லை. இடையில் கிடக்கும் பதினொரு நூற்றாண்டுகளை ‘ஆகலாம்’ என்ற ஒரு சொல்லால் கடக்க முடியாது. இனி, பட்டியலில் மக்கா இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு அந்நகரின் பழமையை மறுக்க முனைவோருக்கும் இதுவே விடை. தான் சென்ற இடங்களைச் சொல்கிறானே அன்றி, அரபு நாட்டின் ஊர்களையெல்லாம் அவன் எண்ணிக் காட்டவில்லை. மௌனத்தைச் சாட்சியாக்குவோரும் பேச்சை மிகையாக்குவோரும் ஒரே பிழையையே செய்கின்றனர்.

குர்ஆனின் உண்மை இக்கல்லால் நிறுவப்பட்டது என்பவர், நாளை வேறொரு கல் வேறொன்றைச் சொன்னால் என்ன செய்வார்? ஈமானைக் கல்லின்மீது நிறுத்துவது, அறியாமலேயே அதனைக் கல்லுக்கு அடிமையாக்குவதாகும். இக்கல்வெட்டின் பயன் வேறு. நபித்துவத்துக்கு முற்பட்ட ஹிஜாஸ், உலகோடு தொடர்பற்ற வெறும் பாலையன்று; பேரரசுகளின் பார்வையில் இருந்த நிலம் அது என்று நமக்குக் காட்டுகிறது. இஃராபில் தேர்ச்சி பெற்றவருக்கு அக்கதியம் முற்றிலும் அந்நியமான மொழியன்று. நம் அரபுக் கல்லூரிகளில் பட்டம் பெறுவோரில் சிலரேனும் அம்மொழியைக் கற்று இவற்றை நேரில் படிக்கும் நிலை வரவேண்டும். அதுவரை பிறர் படித்துச் சொன்னதையே நாம் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்.

அம்மாணவருக்கு நான் சொன்னது இதுதான். பாபில் மன்னன் ஒருவன் யத்ரிபின் பெயரைக் கல்லில் பொறித்தான் என்று சொல்லுங்கள். அக்கல் ஒரு பள்ளிவாசலின் வாயிற்படியாகக் கிடந்து நமக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள். துண்டறிக்கையின் தலைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். வல்லாஹு அஃலம்.